கல்யாணத்துக்கு வந்த பணம், இப்போ காலேஜுக்கு



பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் நம் குழுக் கூட்டங்களில் உள்கடன் கேட்பது கூடிவிடும். "காலேஜுக்குக் கட்டணும்" என்று ஒருத்தர் கேட்டால், "பொம்பளப் புள்ள படிச்சு என்ன ஆகப்போகுது, பீன்ஸ் எடுக்க அனுப்பு" என்று இன்னொருத்தர் சொல்வதும் உண்டு. அரசு உதவி என்ன, அது எங்கே தடைபடுகிறது என்று நமக்குத் தெரிந்திருந்தால் பதில் சொல்லிவிடலாம்.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1989-ல் அவர் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்த்தார்கள். 2022-ல் அதையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். தங்கம் போச்சே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எங்களைக் கேட்டால், தங்கம் அடகுக் கடைக்குப் போகும், படிப்பு போகாது.

2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய இதைத்தான் புதுமைப் பெண் திட்டம் என்கிறோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். குடும்ப வருமான வரம்பு வைக்கவில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. தபால் வழிப் படிப்புக்குக் கிடையாது. 2024 டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. விதிகள் அவ்வப்போது மாறும். சேரும் அன்றே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பணம் பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும், அம்மா கணக்குக்கு இல்லை. இங்கேதான் நிறைய பேர் சிக்குகிறார்கள். ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் வேறு எழுத்து. இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கை வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் அது முடங்கிக் கிடக்கும். இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக ஆதார் இணைத்ததற்குத்தான் பணம் போகும். "பணம் வரலை" என்று அலைவதற்கு முன்னால் பேங்கில் இதைக் கேளுங்கள்.

நம் மலையில் இன்னொரு சிக்கல் சாதிச் சான்று. பளியர் போன்ற பழங்குடிப் பிள்ளைகளுக்கு இதைத் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும். பிளஸ் டூ முடிந்தபின் ஓடினால் உதவித்தொகைக்கான தேதி போய்விடும். ஒன்பதாம் வகுப்பிலேயே மனு கொடுங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுத வராது என்றால், குழுவிலிருந்து ஒருத்தர் கூடப் போங்கள். ஒரு நாள் கூலி போகும்தான்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வு இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிள்ளையை எழுத வைக்கச் சொல்லி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டால், தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்தியது என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். மாத ஆயிரம், சேரும்போது கைக்கு வராது. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் மனு போகும், முதல் பணம் வர மாதங்கள் ஆகலாம். சேர்க்கைக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம், வத்தலக்குண்டு இறங்கும் பஸ் செலவு எல்லாம் அதற்கு முன்பே நிற்கும். பெண்களுக்கென்றே 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நம் மலையிலேயே அட்டுவம்பட்டியில் இருந்தாலும், அங்கே போகவும் காசு வேணும். அதனால் ஏப்ரல் கூட்டத்திலேயே எந்த வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கிறது என்று கணக்கெடுத்து, உள்கடனில் ஒரு தொகையைப் படிப்புக்கென ஒதுக்கித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். தவணையைப் பணம் வரத் தொடங்கும் மாதத்திலிருந்து வையுங்கள். ஊக்குநர்கள் அந்தப் பட்டியலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.