பெரிய பேட்டரி போட்டால் நன்றாகப் பறக்குமா?

ரிமோட்டில் இயங்கும் மின்சார மாதிரி விமானம் வாங்கிய சில வாரங்களில் பலருக்கும் ஓர் ஆசை வரும். ‘இன்னும் கொஞ்சம் பெரிய பேட்டரி போட்டால் என்ன?’ நேராகப் போய் நேராகத் திரும்பும் விமானத்துக்கு அது நியாயமான ஆசைதான். வானத்தில் குட்டிக்கரணம் போடும் சாகச விமானத்துக்குப் பெரும்பாலும் அது ஆகாது.

இத்துறையின் உலகப் போட்டிப் பிரிவான எஃப்3ஏ-வைப் பாருங்கள். நீளமும் இறக்கை அகலமும் 2 மீட்டரைத் தாண்டக்கூடாது. எடை வரம்பு பல ஆண்டுகளாக 5 கிலோ. எண்ணெயில் ஓடும் விமானத்தை எண்ணெய் ஊற்றாமல் நிறுப்பார்கள். மின்சார விமானத்தைப் பேட்டரியோடு சேர்த்து நிறுப்பார்கள். எண்ணெய் எரிய எரிய விமானம் இலேசாகும், பேட்டரியோ காலியானாலும் எடை குறைவதில்லை. எனக்கு இது கொஞ்சம் ஓரவஞ்சனையாகவே படுகிறது.

அங்கே வழக்கமாகப் பயன்படுவது, 10 லித்தியம் பாலிமர் மின்கலங்களைத் தொடராக இணைத்த 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. மின்கலம் ஒன்றுக்கு 3.7 வோல்ட், மொத்தம் 37 வோல்ட், 185 வாட்-மணி. எடை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ, அதாவது விமானத்தில் கால் பங்கு. இதே ஆற்றலைப் பழைய நிக்கல் மின்கலங்களில் அடைத்தால் 3 கிலோ வரை போகும். மோட்டாருக்கும் இறக்கைக்கும் என்ன மிஞ்சும்?

இனி நம் கைக்கு எட்டும் விமானம். ஒரு கிலோ எடையுள்ள நுரை விமானத்தில் 3 மின்கல, 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது; எடை சுமார் 180 கிராம். அதை எடுத்துவிட்டு 3000 வைத்தால் ஏறத்தாழ 60 கிராம் கூடும். அறுபது கிராம்தானே என்கிறீர்களா? விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 20 மீட்டர் ஆரமுள்ள வட்டம் அடிக்கும்போது, வட்டத்தின் அடியில் இறக்கை தாங்கும் சுமை சாதாரண எடையைப் போல் 3 மடங்கு. அங்கே அந்த 60 கிராம் 180 கிராமாகிவிடும். செங்குத்தாக ஏறும்போதும் மோட்டார் அதைச் சுமந்தாக வேண்டும். தரையிறங்கும் வேகமும் கூடும். கொள்ளளவு கூடிய அளவுக்குப் பறக்கும் நேரம் கூடாததற்கும் இந்தச் சுமைதான் காரணம்.

எடையைக் குறைக்க வேண்டுமானால் முதலில் வாலைப் பாருங்கள். சீசா விளையாட்டின் கணக்குதான். ஈர்ப்பு மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால் 10 கிராம் பசை அதிகமாகப் பூசினால், 15 சென்டிமீட்டர் முன்னால் 40 கிராம் வைத்தால்தான் சமநிலை வரும். மூக்கில் ஈயத்துண்டு ஒட்டுவதற்கு முன் பேட்டரியை முன்னால் நகர்த்திப் பாருங்கள். எப்படியும் சுமக்க வேண்டிய எடை அது.

பேட்டரியின் மேல் ‘30சி’ என்று எழுதியிருப்பதன் பொருள், கொள்ளளவைப் போல் 30 மடங்கு மின்னோட்டம் தரும் என்பது. 2200-க்கு அது 66 ஆம்பியர். உங்கள் மோட்டார் முழு வேகத்தில் 35 ஆம்பியர்தான் இழுக்கும் என்றால் அது தாராளம். லேபிள்கள் சற்று மிகைப்படுத்துவது உண்டு, ஆகவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். ஆனால் 60சி-க்குத் தாவினால் பெரும்பாலும் பணமும் கிராமும்தான் கூடும். பழசான பேட்டரியில் கவனிக்க வேண்டியது உள்மின்தடை. அது 0.02 ஓம் ஆனாலே 35 ஆம்பியரில் 0.7 வோல்ட் வீணாகி, ஏறக்குறைய 25 வாட் வெப்பமாகும். உப்பிப்போன பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம். நல்ல பேட்டரியையும் நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எந்த அளவு போதும் என்பதை சார்ஜரே சொல்லும். வழக்கம்போல் பறக்கவிட்டுத் தரையிறக்கிய பிறகு, எத்தனை மில்லி ஆம்பியர்-மணி திரும்ப ஏறுகிறது என்று பாருங்கள். கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் செலவழிப்பது பேட்டரிக்கு நல்லதல்ல. 2200-க்கு அது 1760. உங்களுக்கு 1200-தான் ஏறுகிறது என்றால், அடுத்த முறை கடையில் 3000-ஐ அல்ல, 1600-ஐக் கேளுங்கள்.