வீட்டுக்குள் ரயில் பாதை: எஞ்சின் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மாடல் ரயில் ஆசை வந்ததும் பலரும் முதலில் எஞ்சினைத்தான் தேடுவாங்க. ஆனா வாடகை ஃபிளாட்டில் முதலில் கையில் எடுக்க வேண்டியது இன்ச் டேப்.

எந்த ஸ்கேல்?

‘ஹெச்ஓ’ என்றால் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. ‘என்’ என்றால் 160-ல் ஒரு பங்கு. ஹெச்ஓ ரயில் முழு வட்டம் அடிக்க, 46 செ.மீ. ஆரம் வைத்தாலே சுமார் 1 மீட்டர் அகலப் பலகை வேணும். ‘என்’ ஸ்கேலுக்கு 25 செ.மீ. ஆரம், 60 செ.மீ. அகலம் போதும்.

மலை வேணுமா?

ஹெச்ஓ-வில் ஒரு தண்டவாளம் இன்னொன்றைத் தாண்டி மேலே போக சுமார் 8 செ.மீ. உயரம் வேண்டும். மீட்டருக்கு 3 செ.மீ. ஏற்றம் என்றால், ஏற மட்டும் 2.7 மீட்டர் நீளம். இறங்க இன்னொரு 2.7. நீலகிரி ரயிலின் 12-க்கு 1 ஏற்றத்தை அப்படியே வைத்தால் சாதாரண மாடல் எஞ்சின் வழுக்கும். நிஜ ரயிலே கல்லாறு–குன்னூர் இடையே பல்சக்கரத்தின் பிடியில்தான் ஏறுது.

எதை விடுவது?

மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கி.மீ. ஹெச்ஓ-வில் அது அரை கிலோமீட்டரைத் தாண்டும்! அதனால் ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், வண்டி மறைய ஒரு குகை என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

எப்போது அலங்காரம்?

தெர்மாகோலில் மலை செதுக்கும் முன் ரயிலைச் சில நாள் ஓட்டிப் பாருங்க. குகைக்குள் தடம் புரண்டால் கை எட்டணும். பலகையை இரண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணையுங்கள். வீடு மாறும்போது மலையை உடைக்க வேண்டியிருக்காது.