பழைய கணினியும் லினக்ஸும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-இல்தான். அதற்கு முன் வாங்கிய கணினியில் திரை நன்றாக எரியலாம், கீபோர்டில் ஒரு எழுத்துகூடத் தேயாமல் இருக்கலாம். ஆனாலும் "பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்பதுதான் கடைக்காரரின் பதில்.

இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. பத்துப் பதினைந்து வயதான கணினியில் உண்மையில் தேய்பவை மின்விசிறி, ஹார்டு டிஸ்க், பேட்டரி போன்ற சில பாகங்கள்தான். ப்ராசஸர் 2010-இல் நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, அத்தனையை இன்றும் போடுகிறது. அதன் தலையில் ஏற்றப்படும் மென்பொருளின் சுமைதான் ஆண்டுக்கு ஆண்டு கூடிவிட்டது. சுமையைக் குறைத்தால் கணினி நடக்கும். அப்படிக் குறைத்துக்கொள்ள இடம் கொடுப்பவை யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள்: லினக்ஸ், நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்றவை.

யூனிக்ஸ் பிறந்ததே ஒரு பழைய கணினியில்தான். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், அதிகம் பேர் தொடாமல் கிடந்த பிடிபி-7 என்ற கணினியில் கென் தாம்சன் அதை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சி உடன் சேர்ந்துகொண்டார். அந்தக் கணினி அப்போதே காலம் கடந்த மாடல். அதன் நினைவகம் இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட். இருக்கும் இடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த இயங்குதளத்தின் குணத்திலேயே படிந்துவிட்டது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியதும் 4 எம்பி ராம் மட்டுமே இருந்த ஒரு 386 கணினியில்தான்.

அதற்காக லினக்ஸ் எந்தக் காலத்துக் கணினியிலும் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. தான் பிறந்த 386-ஐயே லினக்ஸின் மைய நிரலான கெர்னல் 2013-இல் வந்த 3.8 பதிப்போடு கைவிட்டது. எனவே முதலில் நம் கையில் இருப்பது எந்தக் காலத்துக் கணினி என்று பார்த்துவிட வேண்டும்.

முக்கியமான கேள்வி, ப்ராசஸர் 64 பிட்டா 32 பிட்டா என்பது. 2006-இல் வந்த கோர் 2 டுயோவும் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான மேசைக் கணினி, லேப்டாப் ப்ராசஸர்களும் 64 பிட். ஏமாற்றக்கூடியவை 2008 வாக்கில் வந்த சின்ன நெட்புக்குகள். அவற்றில் பலவற்றுக்குள் இருந்த ஆட்டம் என்270 வெறும் 32 பிட். இந்தக் கோடு இன்றைக்கு ரொம்பக் கூர்மையாகிவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கான நிறுவியே கிடையாது. கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸை 2016-இலேயே கைவிட்டது. ஃபயர்பாக்ஸும் 2025-இல் அதே முடிவுக்கு வந்துவிட்டது. 32 பிட் கணினி வைத்திருப்பவருக்கு இன்னும் வழி இருக்கிறது. நெட்பிஎஸ்டி 486-இலிருந்தே ஓடும். ஆனால் அது பொழுதையும் பொறுமையையும் கேட்கும் வழி. 64 பிட்டும் 2 ஜிபி ராமும் இருந்தால் தயங்காமல் இறங்கலாம். 4 ஜிபி இருந்தால் வசதியாகவே இருக்கும்.

மென்பொருளைத் தொடும் முன் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறந்தால் விசிறியிலும் அலுமினியத் தகட்டிடுக்குகளிலும் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் ப்ராசஸர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாமோ இயங்குதளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ராம் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். சர்வீஸ் கடைகளில் தினமும் செய்வதுதான் இது. கணினி பீப் பீப் என்று கத்திக்கொண்டு திரையே வராமல் இருப்பதில் கணிசமானவை இதிலேயே சரியாகிவிடும். பிறகு மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டி ராமைச் சோதித்துக்கொள்வது நல்லது. கெட்டுப்போன ராமின் மீது நிறுவப்படும் எந்த இயங்குதளமும் காரணம் தெரியாமல் பாதியில் நின்றுகொண்டே இருக்கும்.

மதர்போர்டில் எட்டணா அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பழைய கணினியில் அது அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கிச் செருகும்போதும் கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். இது வெறும் நேரம் காட்டும் விஷயம் இல்லை. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் தேதி பார்த்துத்தான் செல்லும், செல்லாது என்று முடிவாகின்றன. கணினி தன்னை 2009-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் எந்தச் சான்றிதழையும் நம்பாது, மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எதையும் இறக்காது. புதிதாக நிறுவுபவர் நெட்வொர்க்கில் கோளாறு என்று அரை நாள் தேடுவார். தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஒரு பேட்டரியால் தீரும் பிரச்சினை அது.

பணம் செலவழிக்க முடிந்தால் முதலில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும், படிக்கும் முனை இடம் தேடி நகர வேண்டும். சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் 10 மில்லிவினாடிக்கு மேல் பிடிக்கும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. அதே வேலை 0.1 மில்லிவினாடி அளவில் முடியும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது என்பதால், பழைய கணினியில் நாம் உணரும் மந்தத்தின் பெரும்பகுதி இந்த நகர்வில்தான் ஒளிந்திருக்கிறது. பழைய சாட்டா இணைப்பில் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்பது உண்மைதான், ஆனால் சுற்றும் தட்டுக்காகக் காத்திருப்பது அடியோடு போய்விடும்.

இனி நிறுவும் வேலை. டெபியன், லினக்ஸ் மின்ட் அல்லது இன்னும் இலகுவான ஆன்டிஎக்ஸ் ஏதாவது ஒன்றின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணைச் சரிபார்த்து, ரூஃபஸ் அல்லது எட்சர் நிரலால் பென் டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. காரணம், கணினி கண்விழிக்கும் விதத்தில் இருக்கிறது.

பழைய கணினிகளில் மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ். அதற்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் தெரியாது. அது செய்வதெல்லாம் டிஸ்க்கின் முதல் 512 பைட்களை அப்படியே நினைவகத்துக்குள் இழுத்து, அங்கே போய் ஓடு என்று ப்ராசஸரிடம் சொல்வதுதான். அந்த 512-இல் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. கடைசி இரண்டு பைட்களில் 55, ஏஏ என்ற அடையாளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் "பூட் செய்ய எதுவும் இல்லை" என்று பயாஸ் கைவிரித்துவிடும். வெறும் 446 பைட்டில் ஒரு இயங்குதளத்தை எழுப்ப முடியாதல்லவா? அதனால் அந்தச் சிறு நிரல், முதல் பார்ட்டிஷனுக்கு முன் காலியாக விடப்பட்டிருக்கும் இடத்திலிருந்து தன்னைவிடப் பெரிய நிரலை அழைக்கிறது. அதுதான் கிரப். கிரப்புக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். அது லினக்ஸ் கெர்னலையும், கூடவே தேவையான டிரைவர்கள் அடங்கிய ஒரு சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடுகின்றனவே, அது கெர்னல் ஒவ்வொரு பாகத்தையும் கண்டுபிடித்துப் பதிவுசெய்யும் நேரம். அந்த வரிகளை ஒருமுறையாவது நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல மாட்டார்கள். பயாஸுக்கு மாற்றாக யூஈஎஃப்ஐ வந்த பிறகான கணினிகளில் இந்த ஆரம்பக் கட்டம் வேறு மாதிரி. அங்கே டிஸ்க்கில் ஒரு சிறிய பார்ட்டிஷனையே இதற்காக ஒதுக்குகிறார்கள்.

மின்ட், ஆன்டிஎக்ஸ் இரண்டையும் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, திரை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துத் திருப்தியான பிறகு நிறுவலாம். டெபியனின் வரைகலை நிறுவியில் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு.

நிறுவும்போது உயிர்போகும் இடம் ஒன்றுதான்: பார்ட்டிஷன் பக்கம். எந்த டிஸ்க்கை அழிப்பது என்று அது கேட்கும். டிஸ்க்குகளின் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும், சில சமயம் பென் டிரைவே முதலாவதாக நிற்கும். பெயரை நம்பாமல் கொள்ளளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். பழைய புகைப்படங்களையும் ஆவணங்களையும் அதற்கு முன்பே வேறு இடத்தில் காப்பி எடுத்து, அந்தக் காப்பி திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் சூழலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பழைய கணினியின் தலைவிதி இருக்கிறது. க்னோம் அழகானது, ஆனால் 2 ஜிபி ராமில் அதற்கே பாதி போய்விடும். எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போட்டால் அதில் பாதியோடு முடியும். ஆன்டிஎக்ஸில் வரும் ஐஸ்டபிள்யூஎம் இன்னும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ராம் குறைவென்றால் இசட்ராம் என்ற வசதியையும் இயக்குங்கள். பயன்படாமல் கிடக்கும் நினைவகப் பக்கங்களை அது சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்ளும். டிஸ்க்குக்குத் தள்ளுவதைவிட அது வேகமானது.

நிறுவி முடித்துத் திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். கிரப் பட்டியலில் கெர்னல் வரியைத் திருத்தி "நோமோட்செட்" என்று சேர்த்துப் பாருங்கள். பழைய கிராஃபிக்ஸ் சில்லுகளில் பெரும்பாலும் உடனே படம் வந்துவிடும், பிறகு சரியான டிரைவரைத் தேடிக்கொள்ளலாம். வைஃபைக்கான ஃபர்ம்வேர் தொல்லை முன்பு பெரிதாக இருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே ஃபர்ம்வேரும் சேர்ந்து வருவதால் இப்போது அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இனி கசப்பான உண்மைக்கு வருகிறேன். இயங்குதளம் எவ்வளவு இலகுவானதாக இருந்தாலும் பிரௌசரைத் திறந்ததும் கணக்கு மாறிவிடும். இன்றைய இணையப் பக்கம் ஒன்றே நூற்றுக்கணக்கான எம்பி ராமைத் தின்னும். யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வீடியோக்களைப் பிரித்துக் காட்டும் மின்சுற்று பழைய கிராஃபிக்ஸ் சில்லில் இல்லை. எல்லா வேலையும் ப்ராசஸர் தலையில் விழுகிறது, விசிறி அலறுகிறது. எச்.264 வடிவில் மட்டும் வீடியோவைக் கேட்டு வாங்கும் பிரௌசர் நீட்சியைச் சேர்த்து, 480பி அளவில் பார்த்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரே நேரத்தில் இருபது டேப் திறக்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கணினி ஒத்துவராது. லிபரேஆபீஸில் எழுதுவதற்கும், கணக்குப் போடுவதற்கும், பைத்தான் படிப்பதற்கும், பாட்டுக் கேட்பதற்கும், வீட்டுக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் சர்வராக இருப்பதற்கும் இது தாராளம். ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொண்டால் தட்டச்சுக்குக் குறையே இருக்காது.

தமிழ்நாட்டில் இதற்கு வாய்ப்பு ஏராளம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. அந்த லேப்டாப்கள் பல வீடுகளில் அலமாரி மேல் இன்னும் கிடக்கின்றன. பழைய பாஸை அப்படியே பயன்படுத்துவது பாதுகாப்பில்லை, அதன் மென்பொருள்களுக்குப் புதுப்பிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. மேலே சொன்ன ஏதாவது ஒரு புதிய லினக்ஸைப் போடுங்கள். தடுமாறினால் கேட்பதற்குச் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கணியம் இதழில் தமிழிலேயே வழிகாட்டிக் கட்டுரைகள் கிடைக்கின்றன.

பென்டியம் 4 காலத்து மேசைக் கணினிகளை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். அவற்றின் பிற்கால மாடல்களில் ப்ராசஸர் மட்டுமே முழுவேகத்தில் 80 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு ராஸ்பெரி பை சில வாட்டில் அதைவிட அதிக வேலை செய்யும். அவற்றிலிருந்து ராம், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள். மதர்போர்டின் ஈயப் பற்றாசு மண்ணில் கலக்கக் கூடாது.