பாட்டரி தீர்ந்தாலும் நிற்காத காமிரா

வியாபாரத்தில் ஒரு பொதுவிதி உண்டு. கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டால் அந்தச் சரக்குக்கு மதிப்புப் போய்விடும். கடையில் தங்கியதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, வந்தவரை லாபம் என்று இருப்போம். புதிய மாடல் வந்த பிறகு பழைய மாடலைத் தேடி ஆள் வருவதில்லை என்பது நாம் எல்லோரும் கண்டது.

இந்த விதிக்கு அடங்காத பொருள் ஒன்று இருக்கிறது. பிலிம் சுருள் போட்டுப் படம் எடுக்கும் பழைய காமிராதான் அது. அதிலும் ஸ்பிரிங்கையும் பல்சக்கரத்தையும் மட்டுமே நம்பி ஓடும் இயந்திரக் காமிரா. ஜப்பானின் நிக்கான் கம்பெனி 1982-ல் கொண்டுவந்த 'எஃப்.எம்.2' என்ற மாடலை 2001-ல் நிறுத்திவிட்டது. நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்பும் அதைத் தேடி வாங்குகிறார்கள். வைத்திருப்பவர்களோ விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள்.

செல்போனிலேயே செலவில்லாமல் படம் எடுக்கலாம் என்கிற நாளில் இந்தப் பற்று எதற்கு? பழைய நினைவு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனென்றால் இன்று இந்தக் காமிராவை வாங்குகிறவர்களில் பலர் பிலிம் காலம் முடிந்த பிறகு வளர்ந்த இளைஞர்கள். நினைவே இல்லாதவருக்குப் பழைய நினைவு ஏது? ஆகவே பொருளிலேயே ஏதோ இருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு பொருளோடு ஒட்டிக்கொள்வது எதனால் என்பது நம் தொழிலுக்கும் வேண்டிய கேள்விதான். அதனால்தான் மளிகைக்கும் மண்டிக்கும் சம்பந்தமில்லாத இந்த விஷயத்தை நம் இதழில் எடுத்துக்கொண்டோம்.

கைக்கு அடங்கிய கருவி

ஆரம்பத்தில் காமிரா என்பது மரப்பெட்டி. மூன்று கால் ஸ்டாண்டும் கண்ணாடித் தகடுகளும் கறுப்புத் துணியுமாகச் சுமந்துபோக வேண்டும். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை செய்த ஆஸ்கார் பார்னாக் என்பவர், சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமை வைத்து, சட்டைப் பையில் கொள்ளும் அளவுக்கு ஒரு காமிராவைச் செய்தார். 1925-ல் லைப்சிக் வர்த்தகச் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது. அதுதான் 'லைகா'. பிறகு 1959-ல் 'நிக்கான் எஃப்', 1976-ல் 'பென்டாக்ஸ் கே 1000', 1982-ல் நாம் சொன்ன எஃப்.எம்.2 என்று வரிசையாக வந்தன. நம் நாட்டு வீடுகளில் புழங்கியது இவ்வளவு விலை உயர்ந்ததல்ல. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம் எடுக்கும் 'ஆக்பா கிளிக் 3' பல குடும்பங்களின் கல்யாண, காதுகுத்துப் படங்களை எடுத்த காமிரா.

உள்ளே நடக்கும் வேலை

எஃப்.எம்.2 காமிராவில் பாட்டரி உண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதன் வேலை வெளிச்சத்தை அளந்து காட்டுவது மட்டுமே. பாட்டரி தீர்ந்தாலும், அதைக் கழற்றி எறிந்தாலும், காமிரா தன் வேலையைக் குறைவில்லாமல் செய்யும்.

கட்டைவிரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறோம். அந்த ஒரு தள்ளலில் மூன்று காரியம் நடக்கிறது. எடுத்த படம் நகர்ந்து புதிய பிலிம் வந்து நிற்கிறது. ஷட்டரின் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. எத்தனையாவது படம் என்ற எண் ஒன்று கூடுகிறது. பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிட, ஷட்டர் திறந்து மூட, கண்ணாடி பழையபடி கீழே வந்துவிடுகிறது. ஒரு விநாடியிலிருந்து ஒரு விநாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு வரை ஷட்டரின் வேகத்தை வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு வேகத்தையும் தாங்குவதற்காக ஆரம்பத்தில் ஷட்டர் தகடுகளை டைட்டானியத்தில் செய்து, எடை குறையத் தேன்கூடு போலச் சுரண்டியிருந்தார்கள். இத்தனையும் கரண்ட் இல்லாமல், முறுக்கிய ஸ்பிரிங்கின் பலத்தில் நடக்கிறது.

படம் எடுப்பவர் தீர்மானிக்க வேண்டியவை மூன்றே. பிலிமின் வேகம், ஷட்டரின் வேகம், லென்சில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு. வெளிச்சம் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் பழகியவர் தடுமாறமாட்டார். நல்ல வெயிலில் துவாரத்தை 16 என்ற எண்ணில் வைத்து, 100 வேகப் பிலிமுக்கு விநாடியில் 125-ல் ஒரு பங்கு கொடுத்தால் படம் சரியாக வரும் என்பது அவர்கள் வாய்ப்பாடு. மேகம் வந்தால் துவாரத்தை ஒரு படி திறப்பார்கள். தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரப்பதம் சொல்லும் மண்டிக்காரரைப் போலத்தான் இதுவும். தொழில் கைக்குள் வந்துவிடுகிறது. கைக்குள் வந்த கருவியை விட மனம் வருவதில்லை. பற்றுக்கு முதல் காரணம் இது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

இரண்டாவது காரணம் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும். 35 மி.மீ. சுருளில் 36 படம்தான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிலிம் விலை, கழுவும் கூலி, பிரிண்ட் கூலி என்று கணக்கு உண்டு. ஆகவே எடுப்பவர் நின்று பார்க்கிறார், யோசிக்கிறார், பிறகுதான் அழுத்துகிறார். செல்போனில் ஒரே காட்சியை நாற்பது தடவை எடுத்து ஒன்றையும் திரும்பப் பார்க்காதவர்களை நாம் தினமும் காண்கிறோம். தட்டுப்பாடு வந்தால்தான் கவனம் வருகிறது.

ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் படக்காரர் 1984 டிசம்பரில் பாகிஸ்தானில் பெஷாவர் அருகே ஓர் அகதி முகாமில், பச்சைக் கண்களுடைய ஆப்கன் சிறுமி ஒருத்தியைப் படம் எடுத்தார். கையில் இருந்தது எஃப்.எம்.2, போட்டிருந்தது 'கோடாக்குரோம்' பிலிம். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரபிக் அட்டையில் வந்து உலகம் முழுவதும் பேசப்பட்ட படம் அது. அதே கோடாக்குரோமை 2009-ல் கோடாக் நிறுத்தியபோது, ஆலையில் கடைசியாக வந்த சுருளை அவரிடமே கொடுத்தார்கள். அந்த 36 படத்தையும் நியூயார்க், இந்தியா, துருக்கி என்று நாடு நாடாகப் போய் ஒவ்வொன்றாக எண்ணிச் செலவு செய்தார்.

நம் மண்ணோடும் இதற்குத் தொடர்பு உண்டு. லைகாவும் கையுமாகவே வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர் அவர். 14-ம் தேதி இரவு மகரிஷி மறைந்த வேளையில் வானத்தில் ஒளி ஒன்று நகர்ந்ததைக் கண்டு, கடிகாரத்தைப் பார்த்து மணி 8.47 என்று சொன்னவரும் அவரே.

பழுது பார்க்க முடிந்த பொருள்

மூன்றாவது காரணம்தான் முக்கியம் என்று நாம் நினைக்கிறோம். இயந்திரக் காமிராவைத் திறந்தால் திருகு, ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த கை துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்துவிடும். எலக்ட்ரானிக் காமிராவில் ஒரு சிப் போய், கம்பெனியும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டால், மற்ற பாகமெல்லாம் நன்றாக இருந்தும் அது வெறும் பெட்டிதான். தகப்பனார் வாங்கியதை மகன் பயன்படுத்த முடிகிற பொருள்மீது பாசம் வருவதில் என்ன ஆச்சரியம்?

குறைகளையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. பழகிய மெக்கானிக்குகள் வயதாகி ஓய்ந்து வருகிறார்கள். பாகங்களுக்கு இன்னொரு பழைய காமிராவைத்தான் பிரிக்க வேண்டும். பிலிம் விலை ஏறியிருக்கிறது. கழுவும் இடங்கள் குறைந்துவிட்டன. அவசரப் படத்துக்கும் பத்திரிகை வேலைக்கும் இது ஒத்துவராது. வாங்க நினைப்பவர் சிலவற்றைச் சோதித்தே வாங்க வேண்டும். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்தினால் இழுக்காமல், சிக்காமல் மூட வேண்டும். லென்சை வெளிச்சத்தில் பிடித்தால் நூல் நூலாகப் பூஞ்சணம் தெரியக் கூடாது. பின்மூடியின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்திருந்தால் வெளிச்சம் கசியும், மாற்றிவிட வேண்டும். பருப்பு மூட்டைக்கு ஆகாத ஈரம் லென்சுக்கும் ஆகாது.

சந்தை சொல்லும் பாடம்

டிஜிட்டல் காமிராவை முதலில் செய்து பார்த்தது பிலிம் விற்ற கோடாக் கம்பெனியே. 1975-ல் அங்கே ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்தார். ஒரு படத்தை காசெட்டில் பதிய 23 விநாடி ஆயிற்று. பிலிம் வியாபாரம் கெட்டுவிடும் என்ற தயக்கத்தில் கம்பெனி அதைப் பெரிதாக்கவில்லை. 2012 ஜனவரியில் அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதற்கு முன்பே, 2006-ல், நிக்கான் இரண்டு மாடல் தவிர மற்ற பிலிம் காமிராக்களை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. நம் ஊட்டியிலும் அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தந்து, 1990-களில் நலிந்து, பின்னர் மூடப்பட்டது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது.

தப்பியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்யும் இல்ஃபோர்ட் 2004-ல் நொடித்தது. 2005-ல் அதன் நிர்வாகிகளே சேர்ந்து அந்தத் தொழிலை வாங்கி, இருக்கிற தேவைக்கு ஏற்பத் தொழிலின் அளவைச் சுருக்கி நடத்தினார்கள். 2023-ல் அதே ஆலையிலிருந்து புதிதாகக் கலர் பிலிமும் வந்தது. பிலிமை விடாத வாடிக்கையாளர் கொஞ்சம் பேர்தான்; ஆனால் நிலையானவர்கள். அவர்களுக்குத் தக்க அளவில் கடை விரித்தவர் பிழைத்தார். பழைய விற்பனையை நினைத்துப் பெரிய கூரையின் கீழேயே உட்கார்ந்தவர் கஷ்டப்பட்டார்.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. லைகா கம்பெனி தன் பழைய எம் 6 இயந்திரக் காமிராவை 2022-ல் மறுபடி செய்யத் தொடங்கியது. பென்டாக்ஸ் 2024-ல் விரலால் பிலிமைத் தள்ளும் புதிய காமிரா ஒன்றை வெளியிட்டது. நிக்கான் 2023-ல் கொண்டுவந்த ஒரு டிஜிட்டல் காமிராவுக்கு எஃப்.எம்.2-ன் தோற்றத்தையே, திருகு வட்டுகள் உட்படக் கொடுத்திருக்கிறது.

நமக்கு என்ன?

புதியது எதுவும் வேண்டாம் என்பதற்காக நாம் இதைச் சொல்ல வரவில்லை. எலக்ட்ரானிக் தராசும், பில் மெஷினும், செல்போனில் பணம் வாங்கும் அட்டையும் நம் கடைகளுக்கு வந்தன, நல்லதே செய்தன. ஆனால் கரண்ட் போய் மெஷின் நின்றால் விலையும் தெரியாமல், கூட்டவும் தெரியாமல் நிற்கும் கடையில் வாடிக்கையாளருக்கு மதிப்புக் குறையும். பாட்டரி தீர்ந்தாலும் வேலை செய்யும் காமிராவைப் போல, மெஷின் நின்றாலும் நடக்கிற கடையாக நம் கடை இருக்க வேண்டும். விலையும் கணக்கும் தலையில் இருக்கட்டும். கடையில் நிற்கும் பையன்களுக்கும் அதைப் பழக்கிவிடுவோம்.

பெரிய கடைகளும், வீட்டு வாசலில் கொண்டு கொடுக்கும் கம்பெனிகளும் வந்துவிட்டன. விலையில் அவர்களோடு எல்லாச் சரக்கிலும் போட்டியிட நம்மால் ஆகாது. ஆகிற காரியம் வேறு. கண் முன்னே நிறுத்துக் கொடுப்பது, கெட்ட சரக்கை மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவது, இந்த வீட்டுக்கு எந்த அரிசி பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது ஆகியவை நம் கையில் உள்ளவை. எஃப்.எம்.2 வைத்திருப்பவர் அதைவிட மலிவான, வேகமான பொருள் இருப்பது தெரிந்தேதான் அதை வைத்திருக்கிறார். அது தன்னைக் கைவிடாது என்று அவருக்குத் தெரியும். நம் வாடிக்கையாளருக்கும் நம்மைப்பற்றி அந்த நம்பிக்கை இருக்கிறவரை கடை நடக்கும்.