புதினாவும் கோடைத் தாகமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் படும் வெம்மையை வெளியில் நிற்பவர் எளிதில் அறியார். உலர்ந்த காற்றுப் பட்டால் பருத்திப் பாவின் இழை அறும். ஆதலால் கடுங்கோடையிலும் சன்னலைச் சாத்தி வைத்து, குழியின் ஈரத்தை நம்பி நெய்வோர் பலர். இழை காக்கப்படுகிறது, உடலோ வியர்வையில் நனைகிறது. வியர்வையோடு வெளியேறுவது நீர் மட்டுமன்று, உப்பும் ஆகும்.

அதே மாதங்களில் தோட்டக்கார அங்கத்தினருக்கு வேறொரு கவலை. விடியலில் அறுத்த புதினாக் கட்டு வெயில் ஏற ஏற வாடுகிறது. வாடிய கட்டை வாங்குவாரில்லை. ஒருவருடைய தாகமும் மற்றொருவருடைய நட்டமும் ஒருங்கே தீர வழியுண்டு. அதனையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

புதினாவின் குளிர்ச்சி

புதினா இனங்கள் சிலவற்றில் மிகுந்துள்ள மென்தால் என்னும் பொருள், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால் வாய் குளிர்ந்ததுபோல் தோன்றுகிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நமது சமையற் புதினாவில் மென்தால் குறைவு. கார்வோன் என்னும் மணப்பொருளே மிகுதி. எவ்வாறாயினும், இழந்ததை ஈடு செய்வன நீரும் உப்புமே. அவற்றை நாம் விரும்பிப் பருகும்படி செய்வதே புதினாவின் பணி.

புதினா நீர்மோர்

தறிக்கூடத்திற்கு மிகவும் ஏற்றது இதுவே. தயிர் அரை லிட்டரைக் கடைந்து, ஒன்றரை லிட்டர் நீர் சேர்க்கவும். புதினா ஒரு கைப்பிடி, இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் ஒன்று ஆகியவற்றை நசுக்கி இடவும். உப்பு 1 தேக்கரண்டியும் பெருங்காயம் ஒரு சிட்டிகையும் கலந்து, மண்பானையில் வைக்கவும். பத்துத் தம்ளர் கிடைக்கும். மிகத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே சிறிது சிறிதாகப் பருகுதல் நன்று.

புதினாப் பானகம்

ஒரு லிட்டர் நீரில் வெல்லம் 100 கிராமைக் கரைத்து வடிகட்டவும். எலுமிச்சம்பழம் இரண்டின் சாறு, சுக்குத்தூள், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்க்கவும். இருபது புதினா இலைகளைக் கையால் கசக்கி இட்டு, அரை மணி நேரம் மூடிவைக்கவும். இலையைக் கொதிக்க வைத்தால் நறுமணம் ஆவியாகிப் போகும். குழந்தைகளுக்காக இதில் நுங்குச் சுளைகளை நறுக்கிப் போட்டால் விருந்தாகவே அமையும்.

கவனிக்க வேண்டியவை

இலை மண்ணை ஒட்டி வளர்வது. ஆதலால் பலமுறை அலசுதல் வேண்டும். கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துக. மீனைப் பதப்படுத்த விற்கும் பனிக்கட்டியைப் பானத்தில் இடுதல் கூடாது. இரத்த அழுத்தமுடையோர் உப்பையும், நீரிழிவுடையோர் வெல்லத்தையும் குறித்து மருத்துவரின் சொற்படி நடத்தல் வேண்டும். மோரை அன்றன்றே செலவிட்டுவிடுக.

விவசாயிகள் வெயில் ஏறுமுன் அறுத்து, கட்டினை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் வாட்டம் குறையும். இலை கிள்ளிய தண்டையும் எறிய வேண்டுவதில்லை. கணுவோடு கூடிய தண்டை ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும்.

தறிக்கூடங்கள் உள்ள ஊர்களில், அங்கத்தினர் சிலர் ஒன்றுகூடி, அருகிலுள்ள தோட்டக்காரரிடம் நாள்தோறும் இத்தனை கட்டு என்று முன்கூட்டியே பேசி வாங்கலாம். விளைவித்தவருக்கு விற்பனை உறுதியாகும். நெய்பவருக்கு நண்பகலில் ஒரு பானை மோர் கிடைக்கும். ஒருவர் தேவையை மற்றொருவர் உழைப்பால் நிறைவு செய்தலே கூட்டுறவு. இக்கோடையில் அதனை ஒரு மோர்ப்பானையிலிருந்து தொடங்குவோமாக!