பாலர் பள்ளியின் தரமும் தரமறி பயிற்சியும்

பொன்னின் மாற்றை உரைகல்லும் மீனின் புதுமையை அதன் செவுளின் செந்நிறமும் அறிவிக்கும். எனினும் உரைகல்லைக் கையிற் கொண்டவரெல்லாம் பொற்கொல்லராகார். கருவியைக் கையாளப் பழகிய கண்ணும் கையும் உடன் வேண்டப்படுகின்றன. பல்லாண்டு மீன்கூடைகளைப் பார்த்துத் தேர்ந்த கரையோர வணிகன் நொடிப்பொழுதிற் கூறும் விலையைப் புதியவன் ஒருவன் நெடுநேரம் ஆராய்ந்தும் கூறமாட்டான். உயிரற்ற பொருள்களின் தரத்தை அறிவதற்கே இத்துணைப் பழக்கம் வேண்டப்படுமாயின், மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் நாடோறும் தங்கி வளரும் ஓரிடத்தின் தரத்தை அறிவதற்கு எத்துணைப் பயிற்சி வேண்டப்படும் என்பது சிந்திக்கற்பாலது.

இலங்கையின் வடமேல் மாகாணத்துப் புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அமைந்தது தலவில என்னும் சிற்றூர். அங்குள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தால் அவ்வூர்ப் பெயர் நாடெங்கும் அறியப்பட்டுள்ளது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நிகழும் திருவிழாக்களில் சிங்களரும் தமிழருமாகப் பெருந்திரளான மக்கள் அங்குக் கூடுவர். விழா முடிந்து கூட்டம் கலைந்த பின்னர் எஞ்சுவன கடலும் மணலும் தென்னையும், கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்களுமே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேலைக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் இம்மேலைக் கரையின் மீனவருட் பலர் கீழைக் கரைக்குப் பெயர்ந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். தந்தை கடலிலும் தாய் கருவாடு உலர்த்தும் திடலிலும் இருக்கும் காலை வேளையிலே குழந்தை யார் பொறுப்பில், எவ்வாறு இருக்கின்றது என்னும் வினா இத்தகைய கரையூர்களில் நாடோறும் எழும் வினாவாகும். அதற்கு விடையாக அமைவதே முன்பள்ளி.

முன்பள்ளிகளின் முகாமையை மேற்பார்வை செய்யும் பொறுப்பு, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி மாகாண சபைகளைச் சார்ந்தது. பள்ளிகளை நடத்துவோரோ உள்ளூராட்சி மன்றங்கள், சமய நிறுவனங்கள், தொண்டர் அமைப்புக்கள், தனியார் எனப் பல திறத்தினர். நடத்துவோர் பலராகுமிடத்து, நல்லது எது, குறையுடையது எது என்று நடுநின்று கூறவல்லோர் தேவைப்படுவர். அவரே மதிப்பீட்டாளர். அவரை எவ்வாறு ஆக்குவது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலாவதாக, தரம் என்பது யாது? மருத்துவத் துறையின் தரத்தை ஆராய்ந்த அவெதிசு தொனபேதியன் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில் அதனை அமைப்பு, நிகழ்முறை, பயன் என மூன்றாகப் பகுத்தார். இப்பகுப்பு பாலர் பள்ளிக்கும் நன்கு பொருந்தும். கட்டடம், கழிவறை, ஆசிரியையின் தகைமை, ஓர் ஆசிரியைக்கு இத்தனை குழந்தைகள் என்னும் விகிதம் ஆகியன அமைப்பின்பாற்படும். ஆசிரியை குழந்தையோடு எவ்வாறு பேசுகின்றார், விளையாட்டிற்கு எவ்வளவு நேரம் விடுகின்றார், உணவுண்ணும் முன் கை கழுவப்படுகின்றதா என்பன நிகழ்முறையின்பாற்படும். குழந்தை பெறும் மொழித்திறன், உடல்நலம், தன்னம்பிக்கை ஆகியன பயனாகும். அமைப்பைப் பதிவேட்டைப் பார்த்தும் அளவுநாடாவைப் பிடித்தும் அறியலாம். நிகழ்முறையையோ அங்கிருந்து நேரிற் காண்பவரே அறிவர். மதிப்பீட்டாளர்க்குப் பயிற்சி இன்றியமையாததாவது இவ்விடத்திலேயாம்.

நேரிற் காணும் இவ்வொழுக்கம் புதியதன்று. 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலே தங்கி, 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்த மரியா மொந்தசோரி அம்மையார், குழந்தையை இடையூறின்றி அவதானித்தலை ஆசிரியரின் முதற் பயிற்சியாக வைத்தார். இதனை எண்ணால் அளக்கும் முறையாக்கிய முயற்சிகளுள் பெரிதும் பரவியது, அமெரிக்காவின் வட கரோலைனாவில் தெல்மா ஆர்ம்சு, ரிச்சர்ட் கிளிவர்ட் என்னும் இருவர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தைப்பருவச் சூழல் மதிப்பீட்டு அளவுகோலாகும். 37 கூறுகளைக் கொண்டிருந்த அது, 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 43 கூறுகளைப் பெற்றது. 2015ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் 35 கூறுகளாகச் சுருங்கியது. இங்கிலாந்தில் 1997ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த பேராய்வொன்று 141 பாலர் நிலையங்களின் தரத்தை அறிவதற்கு இவ்வழிவந்த அளவுகோல்களையே பயன்படுத்தியது. தரம் உயர்ந்த நிலையங்களிற் பயின்ற குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பழகும் பண்பிலும் மேம்பட்டிருந்தனர் என்பது அவ்வாய்விற் பெறப்பட்ட முடிபுகளுள் ஒன்று.

ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி உண்டு. 1 போதாமையையும், 3 குறைந்தபட்ச நிலையையும், 5 நன்னிலையையும், 7 மிகச் சிறந்த நிலையையும் குறிக்கும். இந்நான்கு படிகளின் கீழும் ஆம் அல்லது இல்லை என விடையிறுக்கத்தக்க குறிகாட்டிகள் எழுதப்பட்டுள்ளன. முதற்படியிற் கூறப்பட்ட குற்றங்களுள் ஒன்றேனும் காணப்படின் புள்ளி 1 ஆகும். அக்குற்றங்கள் யாவும் நீங்கி, மூன்றாம் படியின் குறிகாட்டிகளிற் பாதியேனும் நிறைவேறின் 2. முழுவதும் நிறைவேறின் 3. மேற்படிகளுக்கும் இதுவே விதி.

இவ்விதியின் உட்பொருளை உணர்தல் பயிற்சியின் முதற்பாடம். ஒருவனைத் தேர்ந்து தெளியுமிடத்து அவனுடைய குணங்களையும் குற்றங்களையும் சீர்தூக்கி, மிகுந்தது கொண்டு முடிபு செய்க என்பது திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம் காட்டும் நெறி. வினைசெய்வானைத் தேர்வதற்கு அது மிகப் பொருந்தும். இவ்வளவுகோலோ ஒரு கூறினுள்ளே குற்றத்தைக் குணத்தால் ஈடுசெய்ய இடந்தருவதில்லை. பள்ளி முற்றத்திலே மூடியற்ற கிணறொன்று இருக்குமாயின், அம்முற்றத்தில் ஊஞ்சலும் மணற்றொட்டியும் எத்துணை அழகுற அமைந்திருப்பினும் பாதுகாப்பு என்னும் கூறு 1 என்றே குறிக்கப்படும். வளர்ந்தவன் தன்னைத் தான் காத்துக்கொள்வான். மூன்று வயதுக் குழந்தைக்கு அது இயலாது. ஆதலின் இங்கு விதி கடுமையாயிற்று.

இரண்டாம் பாடம், கண்டதையும் கருதியதையும் வேறுபிரித்தறிதல். தலவிலவை ஒத்த கரையூர் ஒன்றின் முன்பள்ளிக்குள் புதிய மதிப்பீட்டாளர் ஒருவர் நுழைவதாகக் கொள்க. ‘ஆசிரியை அன்புடையவர்’ என்று அவர் எழுதுவாராயின் அது கருத்தேயாகும். ‘அழுதுகொண்டு வந்த சிறுமியின் முன் ஆசிரியை மண்டியிட்டு அமர்ந்தார், பெயர் சொல்லி அழைத்தார், அவள் மறுமொழி கூறும்வரை காத்திருந்தார்’ என எழுதுவாராயின் அது காட்சியாகும். முதலாவதை மற்றொருவர் மறுக்கலாம். இரண்டாவதை உடனிருந்து கண்டவர் எவரும் மறுத்தல் அரிது. பயிற்சி பெறுவோர் முதலில் நூலைக் கற்று, பின் நிகழ்படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதி, அதன்பின் உண்மைப் பள்ளிகளுக்குத் தேர்ந்த பயிற்றுநரோடு செல்வர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்து, குழந்தைகளின் விளையாட்டிற் கலவாமலும், ஆசிரியைக்கு முகக்குறிப்பாலேனும் பாராட்டோ பழிப்போ தெரிவியாமலும் அவதானிப்பர். குழந்தைக்கு ஊறு நேரும் நிலை தோன்றினால் மட்டும் அவ்வமைதியைக் கலைப்பர்.

பள்ளியை நீங்கியபின் ஒவ்வொருவரும் தனித்தனியே இட்ட புள்ளிகள் ஒப்பிடப்படும். வேறுபட்ட கூறு ஒவ்வொன்றிற்கும் அவரவர் தம் குறிப்பேட்டிலிருந்து சான்று காட்டல் வேண்டும். நூறு கூறுகளில் எண்பத்தைந்திலேனும் பயிற்றுநர் இட்ட புள்ளிக்கு ஒன்றுக்கு மேற்படாத வேறுபாட்டுடன் ஒத்திருத்தல் தேர்ச்சிக்குரிய வழக்கமான எல்லை. இவ்விணக்கத்தையும் முற்றாக நம்பிவிடலாகாது. நூறு பள்ளிகளை இருவர் பார்த்து, ஒவ்வொருவரும் தொண்ணூற்றை நன்று என்றும் பத்தைத் தீது என்றும் கண்ணை மூடிக்கொண்டே எழுதுவதாகக் கொள்க. அந்நிலையிலும் தற்செயலாக நன்றென 81 இடங்களிலும், தீதென ஓரிடத்திலும், ஆக 82 இடங்களில் அவர்கள் ஒத்திருப்பர் என எதிர்பார்க்கலாம். எனவே 85 இடங்களில் ஒத்தனர் என்பது பெருஞ் சிறப்பன்று. தற்செயலுக்கு அப்பால் எய்தத்தக்க 18இல் 3 மட்டுமே எய்தப்பட்டது. ஆறிலொரு பங்காகிய இவ்வளவையே யாக்கோபு கோகன் 1960ஆம் ஆண்டில் வகுத்த கப்பா எண் காட்டுகின்றது. வேறுபாட்டின் பருமையையும் கணக்கிற் கொள்ளும் வகையில் அவ்வெண்ணை அவரே 1968ஆம் ஆண்டில் விரித்தார்.

மூன்றாம் பாடம், தன் மனத்தின் சாய்வை அறிதல். படைத்துறை அலுவலர் தம் கீழ்ப்பணியாளரை மதிப்பிட்ட முறையை 1920ஆம் ஆண்டில் ஆராய்ந்த தோண்டைக்கு என்னும் உளநூலறிஞர், ஒருவரிடம் ஒரு சிறப்பைக் கண்டவர் ஏனைய பண்புகளையும் உயர்த்தியே எழுதுகின்றனர் எனக் கண்டார். பாலர் பள்ளியிலும் இஃது நிகழும். வண்ணந் தீட்டிய சுவரும் சீருடையும் கண்டு மயங்கியவர், அங்குக் குழந்தைகள் காலைமுழுதும் வாய்திறவாது எழுத்தை வரைந்துகொண்டிருப்பதைக் காணத் தவறுவர். ஓலைக் கூரையைக் கண்டு முகஞ்சுளித்தவர், அதன் கீழே குழந்தைகள் சிப்பிகளை வகைப்படுத்தி எண்ணி மகிழ்வதைக் காணத் தவறுவர். மேலும், ஒருமுறை தேர்ச்சி பெற்றவரும் காலப்போக்கில் தம்மையறியாமலே இளகுவர் அல்லது இறுகுவர். துலாக்கோலைக் காலந்தோறும் சோதித்து முத்திரையிடுதல் போல, மதிப்பீட்டாளரையும் மறுபடி மறுபடி பயிற்றுநரோடு ஒப்புநோக்குதல் வேண்டும்.

இனி, வட கரோலைனாவிற் பிறந்த அளவுகோல் தென்னஞ்சோலைக்குப் பொருந்துமா என்னும் வினா எழும். தமிழ்நாட்டில் இவ்வினா முன்னரே எழுந்துள்ளது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டு அங்கன்வாடிகள் பெருகின. மழலைக் கல்வியில் வாழ்நாள் முழுதும் உழைத்த மீனா சுவாமிநாதன் அம்மையார் பணிபுரிந்த சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், 2000ஆம் ஆண்டையொட்டி அவ்வளவுகோல் தமிழ்நாட்டுச் சூழலுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டுப் பாலர் நிலையங்களின் தரமும் குழந்தைகளின் கற்றல் திறனும் ஒருங்கு ஆராயப்பட்டன. அயலார் கோலை அப்படியே ஏற்றலும் முற்றாகத் தள்ளலும் ஆகிய இரண்டிற்கும் நடுவே செல்லும் வழி இதுவாகும்.

மாற்றத்தக்கன எவை, மாற்றத்தகாதன எவை என்னும் தெளிவு இங்கு வேண்டும். மேசை நாற்காலிக்குப் பாய் ஈடாகும். கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளுக்குச் சிரட்டையும் சிப்பியும் ஈற்றுத்துண்டும் ஈடாகும். ஆனால் தூய குடிநீருக்கு ஈடாவது வேறொன்றில்லை. குழந்தையின் வினாவுக்கு மறுமொழி கூறும் ஆசிரியைக்கும் ஈடில்லை. ‘ஏழ்மையான ஊர், இவ்வளவே போதும்’ என்று புள்ளியை உயர்த்தியிடும் இரக்கம், அவ்வூர்க் குழந்தைக்கு உரியதை அதனினின்றும் பறிப்பதாகவே முடியும். தலவிலப் பகுதியிற் சிங்களமும் தமிழும் வழங்குவதால், மதிப்பீட்டாளர் குழந்தை பேசும் மொழியை அறிந்தவராதலும் இன்றியமையாதது. மொழியறியாதவர் ஆசிரியையின் குரலின் இனிமையைக் கேட்பாரேயன்றி, அவர் வினவுகின்றாரா ஆணையிடுகின்றாரா என்பதை அறியமாட்டார். கடற்பருவத்தோடு பெயர்ந்து செல்லும் குடும்பங்களின் குழந்தைகள் வருகைப்பதிவிற் காணப்படாமையை ஆசிரியையின் குறையாக எழுதிவிடாத உலகறிவும் அவர்க்கு வேண்டும்.

இவ்வளவு முயற்சி எதன் பொருட்டு? புள்ளி ஒரு தாளில் எழுதப்பட்டவுடன் அது பலருடைய வாழ்வைத் தொடுகின்றது. தவறான தாழ்ந்த புள்ளி, சொற்ப ஊதியத்திற்கு உழைக்கும் ஆசிரியையின் மதிப்பைக் குலைக்கும். உதவி வழங்குவோரின் கையை மடக்கும். தவறான உயர்ந்த புள்ளி அதனினும் கொடிது. மூடவேண்டிய கிணறு மூடப்படாமலே கிடக்கும். வயது வந்தோர் தமக்கு இழைக்கப்பட்ட குறையை முறையிடுவர். முன்பள்ளிக் குழந்தை எந்த அலுவலகத்திற்கும் விண்ணப்பம் எழுதாது. தன் பள்ளி நல்லதா அன்றா என ஒப்பிட்டுக் கூற அதற்கு வேறு பள்ளியும் தெரியாது. அதன் சார்பிலே காணவும் பேசவும் அமைந்தவர் மதிப்பீட்டாளரே.

ஆதலின் மதிப்பீடு புள்ளியோடு முடிதலாகாது. கண்ட காட்சிகளை ஆசிரியையின் முன் வைத்து, அடுத்த படிக்குச் செல்லக் குறைந்த செலவிற் செய்யத்தக்கது யாது என அவரோடு ஆராய்தலே அதன் முடிந்த பயன். கிணற்றுக்கு மூடி, கை கழுவ ஒரு வாளி நீர், காலையில் ஒரு மணி நேரத் தடையற்ற விளையாட்டு, ஒவ்வொரு குழந்தையோடும் நாளுக்கொரு முறையேனும் தனித்துப் பேசுதல் என்பன போன்ற சிறு மாற்றங்களே புள்ளியைப் படிப்படியாக உயர்த்துவன. நாளைய கல்லூரிகளின் மாணவர் இன்று கடற்கரை மணலிலும் கிராமத்துத் திண்ணையிலும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் அமர்ந்திருக்கும் இடத்தைக் காய்தல் உவத்தலின்றிக் கண்டுரைக்கும் திறன், பயிலப் பயில வருவதொரு கல்வியாகும். அக்கல்வியை ஆசிரியப் பயிற்சியின் இன்றியமையாத பகுதியாக்குதல் கற்றோர் கடன்.