புதன்கிழமை ராத்திரிக்கும் மீன் உண்டு!

துரைப்பாக்கத்திலோ பெருங்குடியிலோ வேலையை முடித்து, ரேடியல் ரோடு நெரிசலில் ஊர்ந்து கோவிலம்பாக்கம் வந்து சேர்வதற்குள் பலருக்கு மணி எட்டாகிவிடுகிறது. அதற்கு மேல் மீனை அலசி, மசாலா அரைத்து, வீடெல்லாம் புகை மண்ட யார் வறுப்பது? மீன் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுங்கிப்போனது இதனால்தான். நீலாங்கரைக் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மீன் சாப்பிடுவது நமக்குத்தான் நட்டம். கேக் செய்ய வாங்கி, இப்போது மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஓ.டி.ஜி. ஓவன் இருந்தால் போதும், வார நாளிலும் மீனும் காயும் தட்டுக்கு வந்துவிடும்.

காய் முன்னே, மீன் பின்னே

ஓவனில் வைத்த மீன் வறண்டுபோச்சு என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் காயையும் மீனையும் ஒன்றாகவே உள்ளே தள்ளியிருப்பார்கள். மீன் சதையில் இழைகள் குட்டையானவை; அவற்றை இணைக்கும் சவ்வும் மெல்லியது. உள்சூடு 60 டிகிரியைத் தாண்டினாலே வெந்துவிடும். காய் அப்படியில்லை. கேரட்டும் உருளையும் மிருதுவாக 85 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும், நேரமும் பிடிக்கும். எனவே காய்க்கு முதல் இடம், மீன் கடைசியில்.

நான்கு பேருக்கு அரை கிலோ மீன், 400 கிராம் காய். கேரட், உருளை, குடைமிளகாய், சின்ன வெங்காயம் நல்ல சேர்க்கை. கேரட்டையும் உருளையையும் அரை அங்குலத்துக்கு மிகாமல் நறுக்குங்கள். ஓவனை 200 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றுங்கள். காயில் உப்பு, மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் பிசறி, டிரேயில் நெருக்கமில்லாமல் பரப்புங்கள். குவித்து வைத்தால் நீர் விட்டு அவிந்துவிடும், சிவக்காது.

காய் 16 நிமிடம் வேகட்டும். அதற்குள் மீன் துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சோம்புத்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கலந்து தடவுங்கள். பிறகு காயின் மேல் மீனை அடுக்கி இன்னும் 12 நிமிடம் வையுங்கள். விரல் தடிமன் வஞ்சிரத் துண்டுக்கு இது சரியான கணக்கு. முள்கரண்டியால் லேசாகக் கிளறினால் சதை பிரிந்து, உள்ளே கண்ணாடிபோல் தெரியாமல் வெள்ளையாக இருந்தால் பதம். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள். முன்பே பிழிந்து ஊறவிட்டால் சதை இறுகும்.

மொத்தம் 38 நிமிடம். 1,500 வாட் ஓவன் விடாமல் எரிந்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது.

ஞாயிறு செய்ய வேண்டியது

வார நாள் மீனுக்கான வேலை ஞாயிறு காலையிலேயே முடிந்துவிட வேண்டும். செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அழுத்தினால் பள்ளம் தங்காத மீனாகப் பாருங்கள். கடையிலேயே துண்டு போட்டு வாங்கி, அலசி, வடியவிட்டு, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் வையுங்கள். சமைக்கிற நாள் காலையில் அதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். மேடையில் வெளியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பில் தடிப்பு எழும்.

வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. கொடுவாயும் பாறையும் துண்டுக்கு ஏற்றவை. சங்கரா முழுசாக வைக்க நன்றாக இருக்கும். இரு பக்கமும் கீறிவிட்டு, சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் வஞ்சிரம் விலை ஏறினால் நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவரும் மீனில் கிடைப்பதை வாங்குங்கள். கைக்காசு மிச்சமாகும்; கரையோரச் சிறு மீனவருக்கும் வியாபாரம் நடக்கும்.

ஓவன் இல்லையா?

அடிகனமான அகலக் கடாய் போதும். காயை எண்ணெயில் பிசறி, மூடி போட்டுச் சிறு தீயில் முக்கால் பதம் வேகவிடுங்கள். மேலே மீனை அடுக்கி மறுபடி மூடினால், மெல்லிய துண்டு எட்டுப் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். துண்டை வாழையிலையில் பொதிந்து வைத்தால் சாறு உள்ளேயே நிற்கும். கேரளத்து மீன் பொளிச்சதும் வங்காளத்துப் பாத்தூரியும் இந்த வழியில் வந்தவைதான். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அதில் கன்வெக்ஷன் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மீன் வேகும், சிவக்காது.

பொரிக்க ஊற்றும் எண்ணெயில் இரண்டு கரண்டிதான் இதற்குச் செலவு. காய் தொடாத பிள்ளைகூட மீன் சாறு இறங்கிய உருளையைக் கேட்டு வாங்கும். நாள் முழுக்க உழைத்து வந்தவருக்கு அடுப்படியில் நிற்கிற வேலை கால் மணி நேரம்தான். மீதி நேரத்தில் குளிக்கலாம், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம். வருகிற ஞாயிறு மீன் வாங்கும்போது அரை கிலோ கூடுதலாக வாங்கி வையுங்கள், அது புதன்கிழமைக்கு.